புதிய மின்மீன் இனத்தை அறிவிப்பது எப்படி? வலையிலிருந்து அச்சு வரை ஒரு முழு வழிகாட்டி

அமேசான் படுகையில், கடுந்தேநீர் நிறத்தில் ஓடும் ஒரு சிற்றோடை. இரவு நேரம். கையில் நீளமான கழி, அதன் நுனியில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு கம்பி முனைகள், மறுமுனையில் பேட்டரியில் ஓடும் சின்ன ஒலிபெருக்கி. கழியை இலைக்குப்பைக்குள் இறக்கினால் 'டக்... டக்டக்... டக்' என்று சத்தம் வருகிறது. கொஞ்சம் தள்ளி, தண்ணீரில் தொங்கும் வேர்களுக்கு நடுவே நுழைத்தால் வண்டு ரீங்கரிப்பது போல ஒரே சீரான ஓசை. கண்ணுக்கு ஒரு மீனும் தெரியவில்லை. ஆனால் இரண்டு வகை மீன்கள் அங்கே இருப்பது தெரிந்துவிட்டது.

அந்த ரீங்காரம் இதுவரை யாரும் பதிவு செய்யாத ஒன்றாக இருந்தால்? அங்கிருந்து அறிவியல் பெயர் அச்சாகும் நாள் வரை என்னென்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. சில மாதங்களில் முடித்தவர்களும் உண்டு, பத்தாண்டுக்கு மேல் இழுத்தவர்களும் உண்டு. இழுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் சோம்பல் இல்லை, களத்தில் விட்ட ஒரு சின்னக் குறிப்பு. அதனால் எண்களைப் பற்றியும் லேபிள்களைப் பற்றியும் இங்கே சலிக்கச் சலிக்கப் பேசப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த மீன்களைச் சொல்கிறோம்

நன்னீர் மின்மீன்களில் இரண்டு பெரிய கூட்டங்கள் உண்டு. ஒன்று தென் மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரை பரவியிருக்கும் கத்திமீன்கள், அதாவது ஜிம்னோடிஃபார்மீஸ் வரிசை. இன்னொன்று ஆப்பிரிக்காவில் மட்டும் வாழும் யானைமூக்கு மீன்கள், மோர்மிரிடே குடும்பம். இரண்டிலும் இருநூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் தெரிந்திருக்கின்றன. ஆப்பிரிக்காவில் மின்கெளுத்திகளும் உண்டு. மின்சாரம் உண்டாக்கும் திறமை இந்தக் கூட்டங்களில் தனித்தனியாகத் தோன்றியது. நாம் மின் விலாங்கு என்று சொல்லும் பிராணி விலாங்கே இல்லை. அதுவும் ஒரு கத்திமீன்தான், கெளுத்திக்குத்தான் கிட்டத்துச் சொந்தம்.

பெரும்பாலான மின்மீன்கள் தொட்டால் கூட நமக்கு உறைக்காத அளவு பலவீனமான மின்சாரம் விடுபவை. இருட்டில் வழி தேடவும், தன் இனத்தோடு பேசவும் அது போதும். இந்த மின் உறுப்பு வெளியேற்றத்தை ஆய்வாளர்கள் சுருக்கமாக 'ஈஓடி' என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். விட்டுவிட்டுத் துடிப்பவை துடிப்பு வகை. இடைவெளி இல்லாமல் அலையாக ஓடுபவை அலை வகை. ஒலிபெருக்கியில் 'டக்டக்' முதல் வகை, ரீங்காரம் இரண்டாம் வகை.

உண்மையிலேயே புதிதா?

முதல் வேலை உங்கள் உற்சாகத்தை நீங்களே சந்தேகிப்பது. கலிபோர்னியா அறிவியல் கழகம் பராமரிக்கும் எஷ்மேயர் மீன் பட்டியலில் அந்தப் பேரினத்தைத் தேடி, இதுவரை அதில் வைக்கப்பட்ட எல்லாப் பெயர்களையும் எடுங்கள். இன்று செல்லுபடியாகும் பெயர்கள் மட்டும் போதாது, ஒதுக்கப்பட்ட இணைப்பெயர்களும் வேண்டும். உங்கள் மீனுக்கு நூறு வருடம் முன்பே ஒருவர் பெயர் வைத்து, பிறகு வேறொருவர் 'இதுவும் அதுவும் ஒன்றுதான்' என்று தூக்கிப் போட்டிருக்கலாம். அப்படியானால் அந்தப் பழைய பெயர்தான் உயிர்பெறும், புதுப் பெயர் வைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

ஆண், பெண், குஞ்சு வேறுபாடுதான் இங்கே மிகப் பெரிய பொறி. ஆப்டெரோனோடிடே குடும்பத்தில் சில ஆண்களின் மூஞ்சி வளர்ந்து வேறு மீன் போலவே நீண்டுவிடும். ஆப்டெரோனோடஸ் அனாஸ் என்று தனி இனமாகப் பெயர் பெற்றிருந்தது, ஹாசெமானி என்ற இன்னொரு இனத்தின் முதிர்ந்த ஆண்தான் என்று 2002இல் காட்டினார்கள். ஒரே ஒரு நீளமூக்கு மீனைக் கையில் வைத்துக்கொண்டு துள்ளிக் குதிக்காதீர்கள்.

எதிர்த் திசையிலும் பாடம் உண்டு. மின் விலாங்குக்கு லினேயஸ் 1766இல் பெயர் வைத்தார். அதன் பிறகு 250 வருடத்துக்கு மேலாக எலெக்ட்ரோஃபோரஸ் எலெக்ட்ரிகஸ் என்ற ஒரே இனம் என்றே எல்லோரும் நம்பினார்கள். உலகமே அறிந்த மீன் அது, பாடப்புத்தகத்தில் படம் போட்ட மீன். 2019இல் 107 மாதிரிகளை ஆராய்ந்த ஒரு குழு அதை மூன்றாகப் பிரித்தது. அந்த மூன்றில் ஒன்றான வோல்டாய் இனத்தின் ஒரு மீனில் 860 வோல்ட் அளந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த மீன் என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அனுமதிகள்

இது சுவாரசியமில்லாத பகுதி, ஆனால் இதில் கோட்டைவிட்டால் மற்றதெல்லாம் வீண். பிடிக்க ஒரு அனுமதி, நாட்டுக்கு வெளியே கொண்டுபோக ஒரு அனுமதி, மரபணு ஆய்வுக்கு ஒரு அனுமதி என்று தனித்தனியாக இருக்கும். மரபணு வளங்களை அணுகுவதையும் அவற்றின் பயனைப் பகிர்வதையும் பற்றிய நகோயா ஒப்பந்தம் 2014இல் நடைமுறைக்கு வந்தது, அதற்குப் பிறகு பல நாடுகளில் மரபணு வளத்தைத் தொடுவதற்கே பதிவு தேவை. பிரேசிலில் 2015ஆம் ஆண்டின் 13.123ஆம் எண் சட்டம் இதைத்தான் சொல்கிறது. பழங்குடி மக்களின் நிலத்தில் ஓடும் ஆறு என்றால் அவர்களின் சம்மதமும் வேண்டும். உள்ளூர் ஆய்வாளர் ஒருவரை முதல் நாளிலிருந்தே கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். காகித வேலை சுலபமாகும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, எந்த ஓடையில் எந்தப் பருவத்தில் போக வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஆற்றில்: ஒரு மீன், ஒரு எண்

கத்திமீன்கள் இரவில் திரிபவை. பகலில் இலைக்குப்பையிலும், ஆகாயத்தாமரை வேர்களிலும், கரையோரப் பொந்துகளிலும் ஒடுங்கிக் கிடக்கும். கழியை நுழைத்து ஓசை கேட்ட இடத்தில் கைவலையால் வேரோடு சேர்த்து அள்ளுவது சிற்றோடைகளுக்குப் போதும். பெரிய ஆறுகளின் ஆழத்துக்கு இழுவலை வேண்டும். 1990களில் அமேசானின் ஆழப் பகுதிகளில் இழுவலை போட்டபோதுதான் அந்த இருட்டில் எத்தனை வகைக் கத்திமீன்கள் வாழ்கின்றன என்பதே வெளியே தெரிந்தது. மின் விலாங்கு இருக்கும் நீர் என்றால் ரப்பர் கையுறையும் ரப்பர் பூட்ஸும் இல்லாமல் இறங்காதீர்கள்.

சரி, மீன் கிடைத்துவிட்டது. அந்த நிமிடமே அதற்கு ஒரு கள எண் கொடுங்கள். அந்த எண்தான் இனி மீனின் ஆதார் அட்டை மாதிரி. ஈஓடி பதிவின் கோப்புப் பெயரிலும், உயிரோடு எடுத்த படத்திலும், திசுக் குப்பியிலும், ஜாடியில் போகும் லேபிளிலும் அதே எண்தான் இருக்க வேண்டும். பத்து மீனை ஒரே வாளியில் போட்டு 'காலையில் பிரித்துக்கொள்ளலாம்' என்று தூங்கப் போனால், காலையில் உங்களிடம் பத்து மீனும் பத்துப் பதிவும் இருக்கும், எது எதனுடையது என்று மட்டும் தெரியாது. நான் ஒருமுறை 17 என்ற எண்ணை லேபிளில் 71 என்று எழுதிவிட்டேன். அதைக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனது. அதற்குள் ஒரு மீனின் குரலை இன்னொரு மீனுக்குக் கொடுத்து வரைபடமே போட்டு முடித்திருந்தேன்.

லேபிளுக்குப் பருத்திக்கூழ்த் தாள், பென்சில் அல்லது ஆல்கஹாலில் கரையாத மை. சாதாரணப் பேனா எழுத்து எத்தனாலில் ஒரு வாரம் தாங்காது.

எண்ணோடு சேர்த்துக் குறிக்க வேண்டியவை: ஜிபிஎஸ் இடம், தேதி, மணி, நீரின் வெப்பநிலை, மின்கடத்துதிறன், ஆழம், அடித்தரை எப்படி இருந்தது, வேறு என்ன மீன்கள் கூட வந்தன. வெப்பநிலையும் கடத்துதிறனும் மற்ற மீன்களுக்குக் கூடுதல் தகவல்தான். மின்மீனுக்கு அவை இல்லையென்றால் பதிவே செல்லாக்காசு. ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

ஈஓடியைப் பதிவது

இந்தப் பகுதியில்தான் மின்மீன் வேலை மற்ற மீன் வேலைகளிலிருந்து பிரிகிறது. அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

மீனை அதைப் பிடித்த அதே தண்ணீரில் வையுங்கள். நீளமான பிளாஸ்டிக் தொட்டி போதும், உலோகத் தொட்டி கூடவே கூடாது. தொட்டியின் இரு முனைகளிலும் ஒவ்வொரு மின்முனை, நடுவில் ஒரு தரைமுனை. மீன் நடுவில், தலை நேர்முனையைப் பார்த்திருக்க வேண்டும். திரும்பிவிட்டால் அலைவடிவம் தலைகீழாகப் பதிவாகும். திரும்பாமல் இருக்க மெல்லிய வலைத்துணியில் தொட்டில் மாதிரி கட்டி அதற்குள் விடலாம். தலைப்பக்கம் நேராகும்போது வரைபடத்தில் கோடு மேலே போக வேண்டும் என்பது உலகம் முழுவதும் ஒத்துக்கொண்ட வழக்கம்.

முனைகளிலிருந்து வரும் குறியைப் பெருக்கி வழியாகக் கணினிக்கு அனுப்புகிறோம். இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. முதலாவது, மாதிரி எடுக்கும் வேகம், அதாவது விநாடிக்கு எத்தனை முறை மின்னழுத்தத்தை அளக்கிறோம் என்பது, போதாமை. சில யானைமூக்கு மீன்களின் துடிப்பு ஒரு மில்லி விநாடிக்குள் தொடங்கி முடிந்துவிடும். பாட்டுக்கு ஏற்ற 44,100 மாதிரி வேகத்தில் பதிந்தால் அதன் கூரான முனைகள் மழுங்கிப் போகும். விநாடிக்கு ஒரு லட்சம் மாதிரிக்குக் குறையாமல் வையுங்கள். இரண்டாவது, சாதாரண ஒலி அட்டையைப் பயன்படுத்துவது. அது மெதுவான மின்னழுத்த மாற்றங்களை வடிகட்டி எறிந்துவிடும். மீன் விடாத ஒரு கீழ்வளைவு திரையில் முளைக்கும். அதை 'புதிய பண்பு' என்று எழுதிவிட்டால் பிறகு மானம் போகும்.

பதிவின்போது கவனிக்க வேண்டியவை இன்னும் உண்டு.

மீன் தனியாக இருக்க வேண்டும். ஐஜென்மானியா போன்ற அலை வகை மீன்கள், பக்கத்தில் தன் அதிர்வெண்ணுக்கு நெருக்கமான இன்னொரு மீன் வந்தால் தன் அதிர்வெண்ணையே விலக்கிக்கொள்ளும். இரண்டையும் ஒரே தொட்டியில் பதிந்தால் இரண்டின் எண்ணும் தவறு.

பிடித்த சில மணி நேரத்துக்குள் பதிந்துவிடுங்கள். பிராக்கிஹைபோபோமஸ் ஆண்கள் இரவில் துடிப்பை நீட்டிப் பெரிதாக்கும், பகலில் சுருக்கிக்கொள்ளும். தனிமையில் நாள்கணக்கில் வைத்தால் அந்த வேறுபாடே மங்கிவிடும். அதனால் பதிந்த மணியும் குறிப்பில் இருக்க வேண்டும்.

மயக்க மருந்து கொடுக்கும் முன்பே பதிய வேண்டும். பெரும்பாலான மின்மீன்களின் மின் உறுப்பு தசையிலிருந்து உருவானது, மூளையின் கட்டளைப்படி இயங்குவது. மருந்து இரண்டையும் குழப்பும்.

அப்புறம் வெப்பநிலை. நீர் சூடானால் ஈஓடி வேகமாகும், குளிர்ந்தால் மெதுவாகும். அதனால் எல்லாப் பதிவுகளையும் 25 பாகை செல்சியஸுக்குத் திருத்தித்தான் ஒப்பிட வேண்டும். பத்துப் பாகை ஏறினால் அதிர்வெண் எத்தனை மடங்காகிறது என்பதைக் 'கியூ10' என்பார்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 28 பாகையில் ஒரு மீன் 500 ஹெர்ட்ஸ் காட்டுகிறது, கியூ10 மதிப்பு 1.5 என்று வையுங்கள். 25 பாகைக்குக் கொண்டுவர, 1.5-ஐ மைனஸ் 0.3 அடுக்குக்கு உயர்த்தி 500-ஆல் பெருக்க வேண்டும். விடை ஏறக்குறைய 443. மூன்று பாகை வித்தியாசத்துக்கு 57 ஹெர்ட்ஸ்! இதைத் திருத்தாமல் விட்டு, காலையில் ஒரு ஓடையிலும் மதியம் இன்னொரு ஓடையிலும் பதிந்தால், ஒரே இனத்தை இரண்டாகப் பிரித்துவிடுவீர்கள். முடிந்தால் உங்கள் மீனிலேயே இரண்டு மூன்று வெப்பநிலைகளில் அளந்து அதற்கான கியூ10-ஐக் கண்டுபிடிப்பது இன்னும் நல்லது.

கடத்துதிறனும் இப்படித்தான். கறுப்பு நீர் ஓடைகளில் உப்பு மிகக் குறைவு, சென்டிமீட்டருக்கு 10, 15 மைக்ரோசீமென்ஸ் என்பதெல்லாம் சாதாரணம். அந்த மீனை வேறு தண்ணீரில் போட்டுப் பதிந்தால் வீச்சும் மாறும், சில துடிப்பு வகைகளில் வடிவமும் மாறும்.

ஒரு மீனைப் பதிந்து ஓய்ந்துவிடாதீர்கள். ஆண், பெண், இளமீன் எல்லாம் வேண்டும். ஆண் பெண் வேறுபாடு எல்லா இனத்திலும் ஒரே திசையில் போவதில்லை. மீன்தொட்டி வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த கறுப்புப் பேய்க் கத்திமீனில், அதாவது ஆப்டெரோனோடஸ் அல்பிஃப்ரான்ஸில், பெண்ணுக்கு அதிர்வெண் கூடுதல். அதே பேரினத்தின் லெப்டோரிங்கஸில் ஆணுக்குக் கூடுதல்.

படம், திசு, ஃபார்மலின்

வரிசை முக்கியம்: பதிவு, படம், கொலை, திசு, ஃபார்மலின். இதில் எதை முன்பின் மாற்றினாலும் ஏதோ ஒன்றை இழப்பீர்கள்.

படம் உயிரோடு இருக்கும்போது, இடப்பக்கம் தெரிய, அளவுகோலோடு. நிறம் ஜாடியில் நிற்காது. பிறகு கிராம்பு எண்ணெயோ, அனுமதி இருந்தால் எம்எஸ்-222 மருந்தோ கூடுதல் அளவில் கொடுத்து வலியில்லாமல் முடிக்க வேண்டும். கொல்லாமல் முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். ஆனால் நூறு வருடம் கழித்து ஒருவர் உங்கள் கூற்றைச் சோதிக்க வேண்டுமென்றால் அவர் கையில் ஒரு உடல் வேண்டும். தேவையான எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூட எடுக்காதீர்கள், மற்றவற்றைப் பதிந்துவிட்டு ஓடையிலேயே விடுங்கள்.

திசுவை வலப்பக்கத்திலிருந்து வெட்டி 95 விழுக்காடு எத்தனாலில் போடுங்கள். இடப்பக்கம் படத்துக்கும் அளவுக்கும் கெடாமல் இருக்க வேண்டும். ஃபார்மலின் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும் என்பதால்தான் திசு முதலில். பிறகு உடலை நேராகப் படுக்கவைத்து 10 விழுக்காடு ஃபார்மலினில் சில நாள், தண்ணீரில் அலசி, 70 விழுக்காடு எத்தனாலுக்கு மாற்றுங்கள். பெரிய மீனாக இருந்தால் வயிற்றுக்குள் ஃபார்மலினை ஊசியால் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே அழுகும். வளைந்த நிலையில் விறைத்த கத்திமீனைப் பிறகு எந்தக் காலிப்பராலும் சரியாக அளக்க முடியாது.

அளப்பதும் எண்ணுவதும்

ஆய்வகத்துக்கு வந்தாயிற்று. டிஜிட்டல் காலிப்பர், நுண்ணோக்கி, நல்ல வெளிச்சம், பொறுமை.

கத்திமீனுக்கு முதுகுத் துடுப்பு இல்லை, இடுப்புத் துடுப்பு இல்லை. ஆப்டெரோனோடிடே குடும்பத்தில் மட்டும் முதுகில் ஒரு சதை நூலும் சின்ன வால் துடுப்பும் இருக்கும். மலவாய் தலைக்கு அடியில் வந்து உட்கார்ந்திருக்கும். வயிற்றின் கீழ் முழுவதும் ஓடும் ஒரே நீண்ட குதத் துடுப்பை அலையடித்துத்தான் முன்னும் பின்னும் நீந்துகிறது. அதனால் மற்ற மீன்களின் அளவுப் பட்டியலை அப்படியே எடுத்துப் பயன்படுத்த முடியாது.

நீளத்திலேயே சிக்கல் தொடங்கிவிடும். இந்த மீன்களின் வாலை மற்ற மீன்கள் கடித்துத் தின்னும். மற்ற மின்மீன்களின் வாலையே முக்கிய உணவாகக் கொண்ட கத்திமீன்கள்கூட உண்டு. கடித்த வால் திரும்ப வளரும், ஆனால் பழைய அளவுக்கு வராது. ஆகவே மொத்த நீளத்தை நம்பி விகிதம் போட்டால் எல்லாம் கோணலாகும். பெரும்பாலான கத்திமீன்களில் மூக்கு நுனியிலிருந்து குதத் துடுப்பின் கடைசி வரை உள்ள நீளத்தையே அடிப்படையாக வைப்பது இதனால்தான். யானைமூக்கு மீனுக்கு இந்தத் தொல்லை இல்லை, மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பின் அடி வரை அளக்கும் வழக்கமான நிலைநீளம் போதும். வால் திரும்ப வளர்ந்த மீனை அட்டவணையில் தனியாகக் குறித்துவிடுங்கள்.

பிறகு தலை நீளம், மூக்கு நீளம், கண் விட்டம், கண்களுக்கு இடையே உள்ள தூரம், வாய் அகலம், செவுள் திறப்பு, உடல் உயரம், மார்புத் துடுப்பு நீளம். ஒவ்வொன்றையும் 0.1 மில்லிமீட்டர் வரை, ஒரே ஆள், ஒரே காலிப்பரால். உடல் அளவுகளை நீளத்தின் விழுக்காடாகவும், தலை அளவுகளைத் தலை நீளத்தின் விழுக்காடாகவும் மாற்றுங்கள். பத்து மீனை ஒரு வாரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். உங்கள் கையின் பிழை எவ்வளவு என்று தெரிந்தபின், இரண்டு இனங்களுக்கிடையே கண்ட வேறுபாடு அதைவிடப் பெரிதா என்று தெளிவாகும். சில சமயம் அந்த வேறுபாடு மறைந்தே போகும். வருத்தமாக இருக்கும், ஆனால் பிறர் சொல்லித் தெரிவதைவிட இது மேல்.

எண்ணிக்கைகளில் குதத் துடுப்புக் கதிர்கள்தான் கண்ணைப் பறிக்கும் வேலை. நூறைத் தாண்டும், பல இனங்களில் இருநூறையும் தாண்டும். கடைசிக் கதிர்கள் மயிரிழை போல இருக்கும். நான் செய்வது இதுதான்: மெல்லிய பூச்சியூசியால் ஒவ்வொரு கதிரையும் தொட்டுத் தொட்டு நகர்த்தி, ஐம்பதுக்கு ஒருமுறை நூல் நுனியால் அடையாளம் வைப்பேன். இரண்டு தடவை எண்ணி ஒரே எண் வந்தால்தான் எழுதுவேன். முதல் தடவை 214, இரண்டாம் தடவை 209 என்று வரும்போது மூன்றாவது தடவை எண்ணுவதற்கு ஒரு மனது வேண்டும். முதுகெலும்புத் துண்டுகளை எண்ண எக்ஸ்ரே வேண்டும். தலை எலும்புகளைப் பார்க்க, எலும்பைச் சிவப்பாகவும் குருத்தெலும்பை நீலமாகவும் சாயமேற்றிச் சதையைக் கண்ணாடிபோல் ஆக்கும் பழைய முறை இன்றும் அருமை. மாதிரியை வெட்டக் கூடாது என்றால் நுண் சிடி ஸ்கேன்.

உறவினங்களின் டைப் மாதிரிகளையும், அதாவது அவற்றுக்குப் பெயர் வைத்தபோது ஆதாரமாக வைத்த மூல மீன்களையும், நீங்களே பார்க்க வேண்டும். ஆப்பிரிக்க யானைமூக்கு மீன்களின் பழைய டைப்புகள் பலவும் லண்டன், பாரிஸ், பெல்ஜியத்தின் தெர்வூரன் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. போக முடியாவிட்டால் படமும் எக்ஸ்ரேயும் கேட்டு வாங்கலாம். பழைய நூலில் எழுதிய எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள், அந்தக் காலத்தில் எண்ணியவருக்கும் கண் வலித்திருக்கும்.

டி.என்.ஏ.

விலங்கினங்களை அடையாளம் காணப் பரவலாகப் பயன்படும் சிஓஐ என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் சுமார் 650 எழுத்துத் துண்டுதான் தொடக்கம். கூடவே சைட்டோகுரோம் பி என்ற இன்னொரு மரபணு, ஓரிரு உட்கரு மரபணுக்கள் சேர்த்தால் நல்லது. 'இரண்டு விழுக்காடு வேறுபட்டால் தனி இனம்' என்று ஒரு வாய்ப்பாடு உலவுகிறது. அதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வரிசைகளை ஜென்பேங்க் என்ற பொது மரபணுத் தரவுத்தளத்தில் ஏற்றும்போது அருங்காட்சியக எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள்.

மூன்றும் ஒத்துப்போகாவிட்டால்

ஈஓடி, உடல், டி.என்.ஏ. மூன்றும் ஒரே இடத்தில் கோடு கிழித்தால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் மின்மீன்கள் அவ்வளவு நல்ல பிள்ளைகள் இல்லை. காபோன் நாட்டு ஓடைகளில் பாராமோர்மிரோப்ஸ் மேக்னோஸ்டைப்ஸ் கூட்டத்தில், ஈஓடி பளிச்சென்று வேறுபடும் மீன்கள் ஒரே ஓடையில் சேர்ந்து வாழ்கின்றன. மரபணுவில் தேடினால் பிரிவு தெரியவில்லை. இவை பிரியத் தொடங்கும் இனங்களா, ஒரே இனத்தின் இரு குரல்களா என்பது விவாதமாகவே ஓடியது.

என் கருத்து இதுதான்: ஈஓடி மட்டும் வேறுபட்டால் பெயர் வைக்காதீர்கள். புதிய இனத்தைச் சந்தேகிக்க அதைவிட நல்ல கருவி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது ஜாடியில் கிடக்கும் பேசாத மீனில். அதை எடுத்துப் பார்ப்பவருக்குக் கதிர் எண்ணிக்கையோ, செதிலோ, எலும்போ ஏதாவது ஒன்று வேறுபாட்டைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் உங்கள் ஒலிக்கோப்பு தொலையும் நாளில் உங்கள் இனமும் தொலையும். அதற்காக நூறு மீன் கிடைக்கும்வரை காத்திருங்கள் என்றும் சொல்லவில்லை. காபோனில் 13 ஆண்டு இடைவெளியில் கிடைத்த மூன்றே மீன்களை வைத்து 2016இல் கிரிப்டோமிரஸ் என்ற புதிய பேரினத்தையும் அதில் இரண்டு இனங்களையும் அறிவித்தார்கள். மூன்றே ஆனாலும் தலையின் வடிவமும் மரபணுவும் தெளிவாகப் பேசின.

ஹோலோடைப்

பெயர் தாங்கும் அந்த ஒற்றை மீன்தான் ஹோலோடைப். அழகான மீனைத் தேர்ந்தெடுக்காதீர்கள், முழுமையான மீனைத் தேர்ந்தெடுங்கள்: முதிர்ந்தது, வால் கடிபடாதது, ஈஓடி பதிந்தது, திசு எடுத்தது. கள எண்ணைப் பற்றி அவ்வளவு புலம்பியதன் பலன் இங்கேதான் கிடைக்கும். உடன் ஆராய்ந்த மற்றவற்றைப் பாராடைப்புகளாகக் குறித்து, இரண்டு மூன்று நிறுவனங்களில் பிரித்து வையுங்கள். ஒரு கட்டடம் எரிந்தாலும் எல்லாம் போகாது. ஹோலோடைப் பிடித்த நாட்டிலேயே இருக்க வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. அப்படி விதி இல்லாத இடத்திலும் அதுதான் மரியாதை.

பெயர்

பன்னாட்டு விலங்குப் பெயரீட்டு நெறித்தொகுப்பு, அதன் நான்காம் பதிப்பு, 2000 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. முழுதும் படிக்கத் தூக்கம் வரும், ஆனால் இனப்பெயர் பற்றிய விதிகளையாவது படித்துவிடுங்கள். இனப்பெயர் பண்புச்சொல்லாக இருந்தால் பேரினத்தின் பாலோடு ஒத்துப்போக வேண்டும். எலெக்ட்ரோஃபோரஸ் ஆண்பால், அதனால் எலெக்ட்ரிகஸ். ஒரு ஆணின் பெயரை வைத்தால் கடைசியில் 'இ', பெண்ணானால் 'ஏ', ஆண்கள் இருக்கும் குழுவானால் 'ஓரும்' என்று லத்தீன் விகுதி. வோல்டாய் என்பது வோல்டா மின்கலம் தந்த அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டாவின் பெயர். மின் விலாங்கின் மூன்று இனங்களில் இன்னொன்றான 'வாரிஇ', 2016இல் மறைந்த மீனியல் அறிஞர் ரிச்சர்ட் வாரிக்கு. தன் பெயரையே வைத்துக்கொள்ள விதியில் தடை இல்லை, ஆனால் சிரிப்பார்கள்.

அந்த ஆற்றோடு வாழும் மக்களின் சொல்லை எடுப்பது எனக்குப் பிடித்த வழி. கயானாவின் மசருனி ஆற்று மேற்பகுதியில் கிடைத்து 2013இல் பெயர் பெற்ற கத்திமீன் பேரினம் அகவாயோ, அங்கே வாழும் மக்களின் பெயர். வைக்கும் முன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள், சொல்லின் பொருளை அரைகுறையாகப் புரிந்துகொண்டு வைத்தால் பிறகு மாற்ற முடியாது.

எழுதுவது

வரிசை எல்லா இதழிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஹோலோடைப், பாராடைப்புகள், வேறுபடுத்தும் பண்புகள், முழு வருணனை, நிறம், ஈஓடி, பரவல், வாழிடம், பெயர்க்காரணம், இனங்காணும் திறவுகோல்.

இதில் வேறுபடுத்தும் பண்புகள்தான் உயிர். உலகம் படிப்பது அந்த ஒரு பத்தியைத்தான். 'கண் சிறியது' என்று எழுதினால் எதைவிடச் சிறியது என்று கேள்வி வரும். கற்பனையாக ஓர் உதாரணம்: 'கண் விட்டம் தலை நீளத்தில் 7.1 முதல் 8.4 விழுக்காடு, நெருங்கிய உறவினத்தில் 9.0 முதல் 10.6 விழுக்காடு.' இப்படி இரண்டு பக்கமும் எண் இருந்தால் யாரும் சோதித்துப் பார்க்கலாம். ஈஓடி பத்தியில் எத்தனை மீன், எந்தப் பால், எந்த வெப்பநிலை, எந்தக் கருவி, எந்த வேகம் எல்லாம் வர வேண்டும். ஹோலோடைப்பின் ஈஓடியைத் தனி வரைபடமாகப் போடுங்கள். மூலக் கோப்புகளை எல்லோரும் இறக்கிக்கொள்ளும் களஞ்சியத்தில் வையுங்கள்.

2000க்குப் பிறகு வரும் பெயர் செல்லுபடியாக, அது புதியது என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும், ஹோலோடைப்பைச் சுட்டியிருக்க வேண்டும், அது எந்தச் சேகரிப்பில் எந்த ஊரில் இருக்கிறது என்று எழுதியிருக்க வேண்டும். இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால் நெறித்தொகுப்பின் 2012 திருத்தப்படி, விலங்குப் பெயர்களுக்கான அதிகாரப்பூர்வ இணையப் பதிவேடான ஜூபேங்கில் முன்கூட்டியே பதிந்து, அந்தப் பதிவு கட்டுரைக்குள்ளேயே தெரிய வேண்டும். இதை மறந்து வெளியான பெயர்கள் சட்டப்படி பிறக்காத பெயர்கள். அதனால்தான் கட்டுரை வரும்வரை பெயரை மாநாட்டிலோ சமூக ஊடகத்திலோ உளறாதீர்கள் என்கிறேன். நடுவர்கள் இன்னும் இரண்டு உறவினங்களோடு ஒப்பிடச் சொல்வார்கள், முணுமுணுத்துக்கொண்டே செய்யுங்கள், பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

அச்சான பிறகு

உங்கள் பெயரும் ஆண்டும் இனப்பெயரின் பின்னால் ஒட்டிக்கொள்ளும். நாளைக்கு யாராவது அந்த இனத்தை வேறு பேரினத்துக்கு மாற்றினால் உங்கள் பெயர் அடைப்புக்குறிக்குள் போகும். மின் விலாங்கை லினேயஸ் முதலில் ஜிம்னோடஸில் வைத்ததால்தான் இன்று அவர் பெயர் அடைப்புக்குறிக்குள் நிற்கிறது.

கடைசியாக ஒரு வேலை பாக்கி. அருங்காட்சியகத்துக்குப் போய் ஹோலோடைப் ஜாடியில் டைப் என்று காட்டும் லேபிளைப் போடச் சொல்லுங்கள், பல இடங்களில் அது சிவப்பு நிறம். அச்சான கட்டுரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கட்டுரையில் உள்ள பதிவெண், ஜாடியில் உள்ள எண், உள்ளே மீனோடு கிடக்கும் பென்சில் எழுத்துக் கள எண், ஈஓடி கோப்பின் பெயர் நான்கையும் விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் அன்றைக்கே இதழுக்குத் திருத்தம் எழுதி அனுப்பிவிடுங்கள்.